மல்லாந்து கிடந்த நான்கு நிமிடம்

இந்த மாதம் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, கணினித் திரையில் ஓடும் குறட்டைக் கோட்டின் நிறத்தைப் பச்சையிலிருந்து சாம்பலுக்கு மாற்றுவது என்று முடிவெடுத்தேன். அவசரத்தில் எடுத்த முடிவல்ல. முந்தைய நாள் ஞாயிறு முழுவதும் யோசித்திருந்தேன். சாம்பல் நிறம் ஏற்கெனவே கால் அசைவுக் கோட்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அதை எங்கே குடியமர்த்துவது என்ற கேள்வி எழுந்தது. கால் அசைவைப் பழுப்புக்கு நகர்த்தினேன். பழுப்பில் இருந்த வயிற்றுப் பட்டைக் கோடு ஊதாவுக்குப் போனது. இப்படி ஒரு சிறிய மந்திரிசபை மாற்றம் நடந்து முடிந்த பிறகு, பக்கத்து மேசையில் ஆள் இல்லாததால் எனக்கு நானே தலையசைத்துக்கொண்டு, சேமிக்கும் பொத்தானை அழுத்தினேன். மாற்றம் உடனடியாக அமலுக்கு வந்தது.

காரணம் நீ. அப்போது திரையில் திறந்திருந்தது உன் உறக்கம். பச்சைக் கோடு பக்கம் பக்கமாகச் செழித்துக்கொண்டே போய், ஓரிடத்தில் சட்டென்று தரையோடு தரையாகிவிடும். பிறகு ஓங்கும். மறுபடி தரை. நாற்று பத்தாமல் நடுவில் விட்டுவிட்ட கழனி மாதிரி. நம் ஊர்க்காரன் கண்ணுக்கு அது கழனியாகத்தான் தெரியும். சாம்பலாக இருந்தால் வெறும் கோடாகத் தெரியும் என்று நம்பினேன்.

உன் பதிவை நான் வேண்டுமென்று திறக்கவில்லை. கணினியில் இடம் போதவில்லை என்பதால், ஒரு வருடத்தைத் தொடும் பதிவுகளை மாதக் கடைசியில் அழித்துவிடும்படி எங்களுக்கு உத்தரவு. அழிக்க வேண்டியவற்றின் பட்டியலைத் தயாரிப்பது என் பொறுப்பு. பதிவு அழிந்தாலும் ரிப்போர்ட் இருக்கும். அதாவது, என்ன நடந்தது என்பதற்கு ஒரு வருடம்தான் ஆயுள். என்ன நடந்ததாக நாங்கள் எழுதிக்கொடுத்தோம் என்பதற்குச் சாவே கிடையாது. பட்டியலில் நீ பதினேழாவது ஆள்.

நான் செய்வது ஒரு வேலை என்று நீ கடைசிவரை நம்பவில்லை. படாளம் கூட்டுரோட்டு டீக்கடையில் பெஞ்சு முழுக்கக் கேட்கும்படி சொல்வாய்: "ஊரான் தூங்குறதைப் பாக்க இவனுக்கு ஒரு ஆபீசு, அந்த ஆபீசுக்கு ஒரு ஏசி. நான் இங்கியே தூங்குறேன் மச்சான், பாத்துகினு இரு. ரெண்டு பேருக்கும் வேலை ஆச்சு."

உண்மையில் நோயாளிகள் தூங்குவதை நான் பார்ப்பதே இல்லை. செங்கல்பட்டில், ஒரு மாடியில் இருக்கும் எங்கள் தூக்கப் பரிசோதனை லேபில், இரவுப்பணிக்கு வருகிறவர்தான் அவர்களுடைய தலையிலும் தாடையிலும் காலிலும் ஒயர்களை ஒட்டி, மூக்கில் குழாய் வைத்து, மார்பிலும் வயிற்றிலும் பட்டை கட்டிப் படுக்க வைப்பார். நான் காலையில் சாப்பிட்டு, தலை வாரிக்கொண்டு, ஒன்பது மணிக்கு வருகிறவன். அதற்குள் நோயாளி பிசின் ஒட்டிய முடியோடு வீடு போய்ச் சேர்ந்திருப்பார். எனக்கு மிஞ்சுவது கோடுகள். முப்பது விநாடிக்கு ஒரு பக்கம். ஓர் இரவுக்கு எழுநூறு, எண்ணூறு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் இது விழிப்பு, இது அரைத்தூக்கம், இது ஆழ்ந்த தூக்கம், இது கனவு என்று முத்திரை குத்த வேண்டும். மூச்சு நின்ற இடங்களைக் குறிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மூச்சு எத்தனை முறை தடைப்பட்டது என்று கடைசியில் ஓர் எண் வரும். ஐந்துக்குள் இருந்தால் கவலையில்லை. பதினைந்துக்குள் என்றால் லேசு. முப்பதைத் தாண்டினால் கடுமை. திருப்போரூர் முதல் மதுராந்தகம் வரை எத்தனையோ பேரின் முகம் எனக்குத் தெரியாது, மூச்சு தெரியும்.

நீ மட்டும் விதிவிலக்கு. நீ தூங்கி நான் பார்த்திருக்கிறேன், ஊரே பார்த்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில், உட்கார்ந்து தூங்குகிறாய் என்று வரலாற்று வாத்தியார் உன்னை நிற்க வைத்தார். நின்றபடி தூங்கினாய். பெஞ்சு மேல் ஏற்றினார். அங்கேயும் தூங்கி, முன்வரிசைக்காரன் மேல் விழுந்து, அவன் கையை முறித்துவிட்டாய். என் கல்யாண ஆல்பத்தில் நான்கு படங்களில் நீ இருக்கிறாய், நான்கிலும் தூங்குகிறாய். ஒன்றில், எனக்குப் பரிசாகக் கொண்டுவந்த சுவர்க்கடிகாரத்தைக் கட்டிப்பிடித்தபடி வாயைத் திறந்து வைத்திருக்கிறாய். ஆல்பம் வந்த அன்று எல்லோரும் சிரித்தார்கள். அப்போது எனக்கு இந்தத் தொழிலில் ஐந்து வருட அனுபவம். சிரித்தவர்களில் என் குரல்தான் ஓங்கியிருந்தது.

பிறகு உனக்கு ரிசார்ட்டில் வேலை கிடைத்தது. காலையில் செங்கல்பட்டு ஸ்டேஷனில் ஸ்டாஃபை ஏற்றிக்கொண்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் தாண்டிக் கடற்கரையில் இறக்கிவிட வேண்டும். மத்தியானம் அடுத்த ஷிஃப்ட்டுக்காகக் காலி வேனோடு திரும்ப வேண்டும். நம் தெருவிலிருந்து அந்தக் கடற்கரை ஓட்டல்களுக்கு வேலைக்குப் போனவர்கள் பலர். புல் வெட்டப் போனார்கள், பாத்திரம் கழுவப் போனார்கள், பெரும்பாலும் கேட்டில் நின்றார்கள். கேட் திறந்து வழிவிட்டது உனக்குத்தான். ஒருநாள் என்னை முன்சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப்போய், கேட்டுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினாய். ஹாரன் அடிக்கவில்லை. உள்ளே இருந்தவன் ஓடிவந்து திறந்தான். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பார்த்தேனா என்பதை மட்டும் கண்ணாடியில் சரிபார்த்துக்கொண்டாய்.

ரிசார்ட்டுக்குப் புதிதாக ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்தது உன் கஷ்டகாலம். டீக்கடையில் நீயே சொன்னாய்.

"கழுத்துக்கு டேப்பு வச்சான் மச்சான். யூனிபாரம் தெக்கப்போறான்னு நெனச்சு, காலரை லூசா வை சார்னு நானும் சொல்லிகினு நிக்கிறேன். அவன் பாட்டுக்கு அளவை எழுதிகினு, உங்க லேபுக்குப் போவச் சொல்லி சீட்டு குடுக்குறான்."

"போய்ப் படுத்துட்டு வா. கழுத்து தடியா இருந்தா மூச்சு அடைக்கும். அதுக்குத்தான்."

"அடைச்சா?"

"மெசின் குடுப்பாங்க. மூக்குல மாட்டிக்கினு படுக்கணும்."

"தும்பிக்கை மாதிரி ஒண்ணு கீதே, அதுவா? அதை மாட்டிக்கினு படுத்தா அமுதா பயந்துகினு அவங்கம்மா வூட்டுக்குப் பூடுவா."

பெஞ்சு சிரித்தது. அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் டீக்கடையில் என் தொழிலைப் பற்றி நாலு பேர் காது கொடுத்துக் கேட்டது அதுவே முதல் முறை. "மல்லாக்க படுத்தாத்தான் பேஜாரு. நாக்கு பின்னால விழுந்து தொண்டைய அடைக்கும். சைடுல படுத்தா பாதிப் பேருக்கு ஒண்ணுமே தெரியாது. போன மாசம் ஒருத்தரு, மல்லாக்க அறுவது, சைடுல எட்டு" என்று விரிவுரை ஆற்றினேன். "அப்ப எங்க அப்பனைத் திருப்பிப் போட்டா போதும்ன்ற அண்ணாத்த" என்றார் டீக்கடைக்காரர். நீ மட்டும் கிளாஸைச் சுழற்றிக்கொண்டிருந்தாய். அதை நான் கவனித்திருக்க வேண்டும். உன் வாழ்நாளில் நீ விழித்திருந்து கேட்ட ஒரே வகுப்பு அது.

உன் பதிவு என் மேசைக்கு வந்தது. நண்பனின் பதிவை நண்பன் பார்க்கக் கூடாது என்று எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. ஒட்டியிருந்தாலும் பயனில்லை, என்னோடு கோடு பார்க்கும் இன்னொருவர் அன்று விடுப்பு. எங்கள் கோடுகளில், உடம்பு எந்தப் பக்கம் படுத்திருக்கிறது என்று காட்டும் கோடு ஒன்று உண்டு. சாதாரண மனிதன் இரவில் பத்து இருபது முறை புரள்வான். அந்தக் கோடு படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும். உன்னுடையது அடிமட்டம் வைத்துக் கிழித்தது போல் இருந்தது. வலப்பக்கம். நூறாவது பக்கம், வலப்பக்கம். முந்நூறாவது பக்கம், வலப்பக்கம். கோயில் மண்டபத்துச் சிற்பம்கூட இப்படி அசையாமல் கிடக்காது.

ஐந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கோடு ஒரு படி இறங்கியது. மல்லாந்துவிட்டாய். எட்டுப் பக்கம், நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில் உனக்கு நான்கு முறை மூச்சு நின்றது. மார்பும் வயிறும் இழுத்து இழுத்துப் பார்க்கின்றன. மூக்கு வழியே ஒன்றும் போகவில்லை. நீளமானது ஐம்பத்தொரு விநாடி. இதை எழுதும்போது நானும் மூச்சைப் பிடித்துப் பார்த்தேன், நாற்பதில் விட்டுவிட்டேன். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டிய ஆக்சிஜன், ரத்தத்தில் எழுபத்தொரு சதவீதத்துக்கு இறங்கியது. பிறகு ஏதோ உறுத்தியது போலத் துள்ளித் திரும்பி, மறுபடி வலப்பக்கம். விடியும்வரை வலப்பக்கம். மொத்த இரவுக்கும் சேர்த்து எண் பதினொன்று. லேசு.

இப்படிப்பட்ட இரவுகளுக்கென்று எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. எண்ணுக்குக் கீழே குறிப்பு எழுத வேண்டும். எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: மல்லாந்த நிலையில் நான்கு நிமிடம் மட்டுமே பதிவாகியுள்ளது, அந்நிலையில் மூச்சுத் தடை கடுமையாக உள்ளது, மொத்த எண்ணைக் கொண்டு முடிவு செய்ய வேண்டாம். முற்றுப்புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தேன். யூனிபாரத்தோடு நீ நின்றுகொண்டிருந்தாய். மணி மூன்றேகால்.

"நம்பர் இன்னா மச்சான்?"

"பதினொன்னு."

"பாஸா?"

"பரீட்சை இல்லடா இது. எதுக்குடா ராத்திரி பூரா ஒரே பக்கமா படுத்துகினு இருந்த?"

உனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாப்பா பந்து மச்சான். பனியனுக்குப் பின்னால பாக்கெட்டு வச்சு உள்ள போட்டுத் தெச்சாச்சு. முதுகு வலிக்கு டாக்டரு சொன்னாருன்னு சொன்னேன், அமுதாவே தெச்சுக் குடுத்தா. உங்க ஆளு ஒயரு ஒட்டச்சொல்ல கேட்டாரு, அவருகிட்டயும் அதான் சொன்னேன்."

"நடுவுல நாலு நிமிஷம் மல்லாந்துட்ட."

"பந்து நழுவிச்சு போல."

திரையைத் திருப்பி அந்த எட்டுப் பக்கத்தைக் காட்டினேன். மூச்சு இல்லாத இடங்களை விரலால் தொட்டுக் காட்டினேன். நீ குனிந்து பார்த்தாய். சிரிப்பு போயிருந்தது, ஆனால் அந்தக் கோடுகளுக்காகப் போனதல்ல. கீழே இருந்த குறிப்பை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டிருந்தாய்.

"இதை எழுதினா இன்னா ஆவும்?"

"டாக்டர் மறுபடி டெஸ்ட்டு வைப்பாங்க. நம்பர் ஏறும். மெசின் குடுப்பாங்க. மெசின் வச்சு மூணு மாசம் பாத்துட்டுத்தான் வண்டி குடுப்பாங்க."

"அது வரிக்கும்?"

நான் திரையைப் பழையபடி என் பக்கம் திருப்பினேன்.

"கேட்டாண்ட நிக்க வைப்பாங்க" என்றாய். "மூணு மாசம்ன்னுவாங்க, அப்பறம் வேற டிரைவரு வந்துடுவான். நம்மாளுங்க எல்லாம் கேட்டாண்டதான் நின்னுகினு கீறோம் மச்சான். எங்கப்பா கேட்டாண்டதான் நின்னாரு. நான் ஒருத்தன் உள்ள போறேன். ஒரே ஒரு லைனு. அதை வுட்டுட்டா உனுக்கு இன்னா?"

அழிக்கும் பொத்தானை எழுத்துக்கு ஒரு முறை தட்ட வேண்டியதில்லை. அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும், அதுவே பின்னோக்கிப் போய்க்கொண்டிருக்கும். பிடித்துக்கொண்டிருந்தேன். தினமும் பந்தோடுதான் படுப்பேன் என்று உன் மகள் தலைமேல் சத்தியம் செய்தாய். எங்கள் லேபின் டாக்டர் அம்மாள் மாலையில் எண்ணைப் பார்த்து, லேசு என்று எழுதி, வண்டி ஓட்டத் தகுதி உண்டு என்று கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வாரம் கழித்து டீக்கடையில் கேட்டேன், பந்து என்னவாயிற்று என்று. "பாப்பா வெளையாடக் கேட்டுச்சு, பிரிச்சுக் குடுத்துட்டேன்" என்றாய். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தாய்.

உன் மகளின் பள்ளி ஆண்டுவிழாவில் அவள் நடனம் இரண்டாவதாக வந்தது. நீ முதல் வரிசையில் உட்கார்ந்து தூங்கினாய். மேடையிலிருந்து அவள் பார்த்தாள். வீட்டுக்கு வந்த பிறகு அமுதா சொன்னது எனக்குப் பிறகுதான் தெரியும். ஆனால் உன் அம்மா அதைப் பக்கத்து அறையில் இருந்து கேட்டுவிட்டார். "நீ இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா?" அவ்வளவுதான். எந்த வீட்டிலும் வாரத்துக்கு ஒரு முறை சொல்லப்படுகிற வார்த்தை.

மறுநாள் மத்தியானம் இரண்டரை மணிக்கு, காலி வேனோடு திருக்கழுக்குன்றம் பக்கம் திரும்பி வரும்போது, நீ சாலையை விட்டு இறங்கி ஒரு புளியமரத்தில் மோதினாய். நான் அப்போது யாரோ ஒருவரின் இருநூறாவது பக்கத்தில் இருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு போலீஸ்காரர் உன் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "ரோடு நேரா கீது. எதிர்ல வண்டி இல்ல. பிரேக்கு போட்ட தடமே இல்ல. அவரு மனசுல இன்னா இருந்துச்சோ." அவர் இரக்கத்தோடுதான் சொன்னார். அந்த இரக்கம் உன்னை எடுப்பதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. நீயே போய்ச் சேர்ந்துகொண்டாய் என்றும், வார்த்தை தாங்கவில்லை என்றும் பேசினார்கள். உன் அம்மா பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, அமுதாவைப் பார்த்து, "என் புள்ளைய நாக்காலயே கொன்னுட்டியேடி" என்றார். அன்றிலிருந்து ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு.

பிரேக் போட்ட தடம் ஏன் இல்லை என்று அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்குத் தெரியும். தூங்குகிறவன் பிரேக் போட மாட்டான். அந்த ஒருவன் பந்தலுக்கு நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தான்.

முப்பது நாள் காரியம் முடிந்த வாரத்தில் அமுதா லேபுக்கு வந்தாள். பிளாஸ்டிக் கவரில் உன் ரிப்போர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ரிசார்ட்டிலிருந்து அவளுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. வண்டியில் கோளாறு இல்லை, ஓட்டுநர் உடல் தகுதியோடு இருந்தார், மருத்துவ அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது.

"அண்ணா, மைல்டுன்னு போட்டுகீதே. மைல்டுன்னா?"

"லேசா."

"லேசா தூக்கம் வந்தா, மரத்துல போயி இடிக்கிற அளவுக்குத் தூங்கிடுவாங்களா?"

கவனமாகக் கேட்டாள். நாள் கணக்காக ஒத்திகை பார்த்த கேள்வி அது. ஆமாம் என்று சொல்லிவிடு என்று அவள் முகம் கெஞ்சியது. நீ தூங்கிவிட்டாய் என்று யாராவது சொல்ல வேண்டும். அது மட்டும் போதும் அவளுக்கு. கணவன் தூங்கிச் செத்தான் என்று கேட்பதற்காக ஒருத்தி பஸ் ஏறி வந்திருந்தாள்.

"அதெல்லாம் உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றேன்.

கவரை மடித்துக்கொண்டாள். "அப்ப நான்தான்" என்றாள். மேசையில் ஒயர் துடைக்கிற பஞ்சு இருந்தது. அதில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள். என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு.

அதற்குப் பிறகுதான் இந்த மாதம் மூன்றாம் தேதியும் அழிக்கவேண்டிய பட்டியலும் வந்தன. சாம்பல் நிறம் உதவவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன். எட்டுப் பக்கத்தையும் தினமும் திறந்தேன். பட்டியலை அனுப்பிவிட்டால் அந்த எட்டுப் பக்கம் உலகத்தில் எங்குமே இருக்காது. பிறகு நானே உண்மையைச் சொன்னாலும், ஒரு நண்பன் ஆறுதலுக்காகச் சொல்கிறான் என்பார்கள். நான் எதிர்பார்த்ததைவிட அந்த யோசனை எனக்கு இனித்தது. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? மாதக் கடைசிவரை சும்மா இருந்தால் போதும், கணினியே என்னை மன்னித்துவிடும் என்று ஒரு வாரம் ஆசையோடு காத்திருந்தேன்.

பதினோராம் தேதி டாக்டர் அம்மாளின் அறைக்குப் போய், எட்டுப் பக்கத்தையும் காட்டினேன்.

"யாரு இது?" என்றார்.

"என் சிநேகிதன் மேடம். அந்த வேன் டிரைவர்."

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் வந்தார். நீளமானதை அளந்தார். "இதை எப்பப் பாத்தீங்க?"

"அன்னிக்கே."

"குறிப்பு எழுதலியே."

"எழுதி அழிச்சேன்."

நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "கையெழுத்து என்னோடது. எண்ணை மட்டும் பாத்துப் போட்டிருக்கேன். பக்கங்களை நான் பாக்கலைன்னு அர்த்தம்" என்றார்.

"அதை எழுத ரிப்போர்ட்டுல பெட்டி இல்ல மேடம்."

நான் கிண்டலாகச் சொல்லவில்லை. அவரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ரிப்போர்ட்டைத் திருத்தும்போது, காரணம் என்ன என்று கணினி ஒரு பட்டியலை நீட்டும். எழுத்துப்பிழை, கருவிக் கோளாறு, நோயாளி விவரத்தில் மாற்றம், மற்றவை. நீ, நான், கேட், பந்து, புளியமரம், அமுதா எல்லாம் 'மற்றவை'யில் அடங்கினோம். குறிப்பைத் திரும்ப எழுதினேன். ஒரு வரி கூட்டினேன்: இந்நிலையில் பகல் நேரத்தில் தன்னையறியாமல் உறங்கிவிடும் வாய்ப்பு அதிகம். டாக்டர் அம்மாள் எட்டுப் பக்கத்தையும் முழுதாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு, அடுத்த உத்தரவு வரும்வரை நான் பதிவுகளைத் தொட வேண்டாம் என்றார். இப்போது ஒயர்களைக் கழுவி, எண்ணி, சிக்கெடுத்து வைக்கிறேன். மொத்தம் இருபத்திரண்டு ஒயர்.

அன்று மத்தியானமே படாளம் போனேன். உன் அம்மா வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அமுதா உள்ளே இருந்து வந்தாள். இருவருக்கும் நடுவில் நின்று, பேப்பரைத் தமிழில் சொன்னேன். தூக்கத்தில் அவனுக்கு மூச்சு நின்றுகொண்டே இருந்தது. அதனால் பகலில் கண் தானாக மூடிக்கொள்ளும். ஆண்டுவிழாவில் மூடியது அதனால்தான். வேனிலும் அதனால்தான். யார் சொன்ன எந்த வார்த்தையாலும் இல்லை.

உன் அம்மா ரொம்ப நேரம் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலமும் தெரியாது, படிக்கவும் தெரியாது.

"இது இப்பத்தான் தெரிஞ்சிச்சா உனுக்கு?"

"இல்லம்மா. அப்பவே தெரியும். டெஸ்ட்டுக்கு எப்பிடிப் படுக்கணும்னு அவனுக்குச் சொன்னதே நான்தான். எழுத வேணாம்னு கேட்டான். எழுதல."

"அவன் கேட்டா வெசத்தைக்கூடக் குடுப்பியாடா நீ?"

அவர் கத்தவில்லை. பதில் தெரிந்துகொள்ள வேண்டியே கேட்டார். படியில் உட்கார்ந்தேன். அந்தக் குறிப்பு இருந்திருந்தால் நீ இந்நேரம் அந்த கேட்டில் நின்றுகொண்டிருப்பாய். யூனிபாரத்துக்குள் வெந்துகொண்டு, வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஓடிப்போய்த் திறந்துவிட்டுக்கொண்டு, டீக்கடையில் என் முகத்தில் விழிக்காமல், என்னையும் என்னைப் பெற்றவளையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருப்பாய். அந்தத் திட்டு ஒன்றைக் கேட்பதற்கு இன்று நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன். செய்வதற்கு ஒன்றும் இல்லை.

அமுதா கிட்டே வந்தாள். பேப்பரை வாங்கி, விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக அவளே படித்துக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பு ஆங்கிலம் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. ஓரிடத்தில் விரல் நின்றுவிட்டது.

"மல்லாக்க படுத்தது நாலு நிமிஷம்தானா அண்ணா? அப்ப அந்தப் பந்து?"

"அது முதுகு வலிக்கும்மா" என்றேன். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல."

பந்தை வைத்துத் தைத்துக் கொடுத்தவள் என்னைப் பார்த்தாள். நானும் முகத்தை மாற்றாமல் பார்த்தேன். அது எனக்குப் பழக்கம். உண்மையைச் சொல்லவென்று கிளம்பி வந்தவன் சொன்ன பொய் அது. உன் பெயரால் இன்னும் என்னிடம் மிச்சம் இருப்பது அந்தப் பொய் ஒன்றுதான். சாகும்வரை அதை மாற்றிச் சொல்லப் போவதில்லை.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "பாப்பாகிட்ட மட்டும் பந்தைப் பத்திப் பேசிடாதீங்க. அவ கேட்டுத்தான் பிரிச்சாரு" என்றாள்.

இன்று இருபத்தெட்டு. உன் அண்ணன் சொல்லித் தெரியும்: வீட்டில் இப்போது ஒரே அடுப்பு. அமுதா ரிப்போர்ட்டை லேமினேட் செய்து, வருகிறவர்கள் படிக்கும் உயரத்தில், உன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறாள். அதன் கடைசி வரியில், பகுப்பாய்வு செய்தவர் என்ற இடத்தில், என் பெயர் அச்சாகியிருக்கிறது.